ஆயிரத்து நாலு அடி

டெல்மர் வாஸ் தரையில் உருட்டித் தூரம் அளக்கிற சக்கரத்தை ஓங்கியது வெர்னாவின் மண்டையைப் பார்த்துத்தான். குறுக்கே அவள் தம்பி கிளீட் கையை நீட்டினான். சக்கரமும் உடைந்தது, கையும் உடைந்தது. எது முதலில் உடைந்தது என்று டாம்லின் கிரீக் ஊரில் இன்றைக்கும் நாலு பீர் உள்ளே போனால் ஒரு சண்டை வரும்.

நகர மன்றத்தின் வாசலில், வண்டி நிறுத்துகிற இடத்தில் நடந்தது இது. ஜூன் மாதம். சாயங்காலம் ஐந்தரை ஆகியும் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வெர்னா நகர மன்றத்து ஊழியை. எந்தக் கடை எங்கே வரலாம், எவன் வேலி எவன் மண்ணில் நிற்கிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. அன்றைக்கு அவள் கையில் இருந்த அறிக்கை, ரமோனா பச்செகோவின் கஞ்சா மருந்துக் கடையைப் பற்றியது. அதைத்தான் மன்றத்தில் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்க? காட்டு" என்றான் டெல்மர்.

"உள்ள வந்து கேளு. எல்லாருக்கும் சேர்த்துத்தான் படிப்பேன்."

"ஆயிரத்து நாலுன்னு எழுதியிருக்கியாமே? யாருக்குடி காது குத்தற? நானே டேப்பைப் புடிச்சு அளந்தேன். தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு!"

"யோவ், அக்காகிட்ட மரியாதையா பேசு" என்று பிக்கப் வண்டியிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கினான் கிளீட்.

"உன்னை மரத்துக்கடியிலேர்ந்து இழுத்துப் போட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு டெல்மர் வெர்னாவின் வண்டியின் பின்னாலிருந்து சக்கரத்தை உருவினான். சடக்கென்று சத்தம் கேட்டது. கிளீட்டின் முழங்கைக்குக் கீழே கை வேறொரு பக்கம் திரும்பித் தொங்கியது. அவன் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, கழன்று உருண்டு போகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளீட் புகார் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் உடனே போகவில்லை. தொங்குகிற கையோடு மன்றத்துக்குள் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தான். மன்றத்தில் ஐந்து பேர். இரண்டு பேர் கடைக்கு ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. ஐந்தாவது ஆள் ஒரு வயதான பல் டாக்டர். அவர் வெர்னாவின் அறிக்கையைப் படித்ததைவிட அந்தக் கையைத்தான் அதிக நேரம் பார்த்தார். மூன்றுக்கு இரண்டு என்று கடைக்குப் பர்மிட் கிடைத்தது. டெல்மர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனான். அன்றைக்கு மூடிய வாய்தான். அதற்குப் பிறகு அந்த எண்ணை அவன் வாயால் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

சரி, அறிக்கை பொய்யா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

ஊர் போட்ட சட்டம் இது: கஞ்சா மருந்துக் கடை எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஆயிரம் அடிக்குள் இருக்கக் கூடாது. பள்ளி வேலியிலிருந்து கடை மனையின் எல்லைக் கம்பி வரைக்கும், கயிறு கட்டி இழுத்தாற்போல நேர்கோட்டில் அளக்க வேண்டும். அப்படி நேர்கோட்டில் போனால் நாலு வீட்டுக் கொல்லை, ஒரு கோழிக்கூண்டு, ஓடை எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும். வெர்னா அப்படிப் போகவில்லை. சக்கரத்தை மில் ரோட்டில் உருட்டிக்கொண்டு போனாள். மில் ரோடு பாலத்துக்கிட்டே கொஞ்சம் வளையும், தண்டவாள மேட்டில் ஏறி இறங்கும். ஆயிரத்து நாலு என்று சக்கரம் காட்டியது. சக்கரம் காட்டியது நிஜம். ஆனால் அளந்த வழி தப்பு என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அளக்கிறவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் எழுதினாள், முத்திரையும் குத்தினாள்.

ஏன் எழுதினாள் என்றால், கிளீட்டுக்காக. மர மில்லில் ஒரு கட்டை உருண்டு அவன் இடுப்பை நசுக்கி, டெல்மர் அவனை இழுத்துப் போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நரம்பு இழுத்துக்கொண்டு, ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். டாக்டர்கள் கொடுத்த வலி மாத்திரை அவனை ஆளையே தின்றுவிட்டது. இரண்டு தடவை மூச்சில்லாமல் குளியலறையில் கிடந்தவனை வெர்னாதான் கதவை உடைத்துத் தூக்கினாள். கஞ்சா எண்ணெய் வந்த பிறகுதான் தூங்கினான், சாப்பிட்டான், ஜோக் அடித்தான். அதை வாங்க மலையிறங்கித் தொண்ணூறு மைல் போக வேண்டும். ரமோனாவின் கடை வந்தால் ஐந்து நிமிஷம். ஊரில் டாக்டர் சீட்டு வைத்திருந்த பதினான்கு பேருக்கும் அதே கதைதான்.

டெல்மர் மட்டும் கெட்டவனா? அதையும் சொல்ல வேண்டும். அவன் பெண்ணைப் போதை ஊசி கொண்டு போனது. கழிப்பறைத் தரையில் நீலமாகக் கிடந்தவளை அடையாளம் காட்டியவன் அவன். அவளுடைய குழந்தை ட்ரூடி, ஆறு வயது, அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். கஞ்சாவும் ஊசியும் அவனுக்கு ஒன்றுதான். அதற்கு மேல் இன்னொன்று. டெல்மர் மில்லில் முப்பது வருஷம் கட்டை அளந்தவன். லாரியில் வருகிற மரத்தைக் கண்ணால் பார்த்தே இத்தனை பலகை தேறும் என்பான், அறுத்துப் பார்த்தால் அத்தனைதான் இருக்கும். யாராவது தப்பான அளவு சொல்லிவிட்டால் அவனுக்குப் பொறுக்காது. இடது தாடை மட்டும் மாடு அசைபோடுகிற மாதிரி அசையும். கிளீட் சாப்பாட்டு மேசையில் அதை அப்படியே செய்து காட்டுவான், வெர்னா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவன் சொன்ன அளவை ஊரே தள்ளிவிட்டு, ரோட்டில் சக்கரம் உருட்டினவள் அளவை எடுத்துக்கொண்டது. அதை அவன் எப்படி விழுங்குவான்?

விழுங்கவில்லை. ஜூலை முதல் வாரம் பட்டப்பகலில், கடைக்குள் இரண்டு நோயாளிகள் இருக்கும்போதே, டெல்மரும் அவன் அண்ணன் மகனும் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து வாசல் கதவில் மரம் இழுக்கிற சங்கிலியை மாட்டினார்கள். வண்டியை ஒரு இழுப்பு இழுத்ததும் கதவும் நிலையும் பாதிச் சுவரும் சேர்ந்து ரோட்டுக்கு வந்தன. கதவுக்குப் பின்னால் நின்ற ரமோனாவின் நெற்றி கண்ணாடியில் கிழிந்தது. பதினோரு தையல். ரோட்டில் கதவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு டெல்மர் வீடு வரைக்கும் போனான்.

மறுநாள் கிளீட் சும்மா இருந்தானா? இருந்திருந்தால் இந்தக் கதையே வேண்டாமே. மாவுக்கட்டுப் போட்ட கையோடு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, கோடாலிக் காம்பு எடுத்துக்கொண்டு போனான். டெல்மர் வீட்டில் இல்லை. அண்ணன் மகன் மாட்டிக்கொண்டான். வண்டிக் கண்ணாடி ஒன்று பாக்கியில்லாமல் நொறுக்கினார்கள். அந்தப் பையன் ஓடப் பார்த்தான். கிளீட் அவன் முகத்தில் மாவுக்கட்டாலேயே ஓங்கி அடித்தான், அவன் விழுந்த பிறகும் அடித்தான்.

சாயங்காலம் வெர்னா தம்பியின் மாவுக்கட்டைத் துணியால் துடைத்தாள். சிவந்து ஊறியிருந்தது. உள்ளே ஏதோ வெள்ளையாகப் பதிந்திருந்ததை நகத்தால் நெம்பினாள். ஒரு பல், வேரோடு.

"கிளீட், இது போதும்டா" என்றாள். "நான் போய் உண்மையைச் சொல்லிடறேன். பதினாறு அடிக்காக ஊரே ரத்தக்களறி ஆகுது. அவன் அளந்ததுதான் சரி."

கிளீட் நிமிர்ந்தான். "தெரியும்க்கா."

"தெரியுமா?"

"நீ மில் ரோட்டுல உருட்டிக்கிட்டு வரப்பவே தெரியும். நீ எனக்காக ஒரு தப்பு பண்ணியே, அதை நெனச்சுத்தான் அன்னைக்கு நிம்மதியா தூங்கினேன். இப்பப் போய் சொன்னா கடையை மூடிடுவாங்க. அப்புறம் மறுபடியும் அந்த மாத்திரைதான். குளியலறைக் கதவை இன்னொரு தடவை உடைக்க உனக்குத் தெம்பு இருக்கா?"

இல்லை. அவளுக்குத் தெம்பு இல்லை. பல்லைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள்.

ரமோனா லேசுப்பட்டவளா என்ன? போலீஸுக்குப் போகாமல், நெற்றியில் தையலோடு புதுக் கதவு போட்டாள். கூடவே ஒரு பெயர்ப்பலகையும் போட்டாள். பச்சை நிறம், ஆளுயரம், ரோட்டிலிருந்து அரை மைல் தெரியும். கடைக்குப் பேரும் மாற்றிவிட்டாள். பலகையில் வேறு எழுத்தே இல்லை. 1004, அவ்வளவுதான்.

"ஏண்டி, எரியற கொள்ளியில எண்ணெய ஊத்தற?" என்று கேட்டாள் வெர்னா.

"அக்கா, என் கதவைப் புடுங்கினான்ல? தினம் பேத்தியைப் பள்ளிக்கூடத்துல விட இந்த வழியாத்தான போகணும்? தினம் படிக்கட்டும்."

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. முதல் நாள் காலை எட்டேகாலுக்கு டெல்மரின் வண்டி கடையைத் தாண்டிப் போயிற்று. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த ட்ரூடிக்கு அப்போதுதான் எண்கள் கூட்டிப் படிக்க வந்திருந்தது. பார்க்கிற பலகையையெல்லாம் படிப்பாள். "தாத்தா! ஆயிரத்து நாலு!" என்று கத்தினாளாம். "சரியா படிச்சேனா தாத்தா?" என்று கேட்டாளாம். டெல்மர் பதில் சொல்லவில்லை என்று பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் மகன், இருக்கிற பல்லை வைத்துக்கொண்டு, பிறகு போலீஸில் சொன்னான்.

எட்டரைக்கு வண்டி திரும்பி வந்தது. வெர்னா அப்போது கடை வாசலில்தான் நின்றாள், பர்மிட் காகிதத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து ரமோனாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். டெல்மர் இறங்கினான். கையில் மரம் பிளக்கிற சம்மட்டி. யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பலகைக்குப் போய் முதல் அடியை அந்த நாலின் மேல் போட்டான். பலகை கிழிந்து தகரம் சுருண்டது. இரண்டாவது அடியில் பலகையின் கால் ஒன்று முறிந்தது.

"டெல்மர், வேண்டாம்! வெச்சிடு! போயிடு!" என்று வெர்னா அலறினாள்.

கிளீட் உள்ளேயிருந்து வந்தான். நல்ல கையில் கோடாலிக் காம்பு. அவன் பின்னாலிருந்து டெல்மரின் தோளில் இறக்கினான். தோள் எலும்பு உடைந்த சத்தம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ரொட்டிக்கடை வரைக்கும் கேட்டது. சம்மட்டி கீழே விழுந்தது. கிளீட் மறுபடி ஓங்கினான். டெல்மர் ஒரு முழங்காலில் நின்றபடி இடது கையால் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து இரண்டு முறை சுட்டான். ஒன்று வயிற்றில், ஒன்று கழுத்துக்குக் கீழே.

கிளீட் மல்லாந்து விழுந்தான். நடைபாதை ஓரத்தில், மனையின் மூலையில், மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிற எல்லைக் கம்பியின் மேல். வெர்னா எந்தக் கம்பியில் அளவை முடித்தாளோ அதே கம்பி.

அவள் அவன் மேல் விழுந்து வயிற்றை இரண்டு கையாலும் அழுத்தினாள். சூடாக அவள் விரல் நடுவே பொங்கி வந்தது. எவ்வளவு அழுத்தினாலும் வந்தது. ரமோனா துண்டைக் கொண்டுவந்து போட்டாள், துண்டு நொடியில் நனைந்தது.

"அக்கா, முதுகுல ஏதோ குத்துது. எடு" என்றான் கிளீட்.

"இருடா, ஆம்புலன்ஸ் வருது, பேசாத."

"குத்துதுக்கா. எடுத்துடு."

அவள் அவன் முதுகுக்கடியில் கையை விட்டாள். கம்பி. இழுத்தாள். அது மூன்றடி ஆழத்தில் சிமென்டில் நிற்பது. அசையுமா? அவனை நகர்த்தினாலோ ரத்தம் குபுக்கென்று வந்தது. "எடுக்கறேன்டா, எடுக்கறேன்டா" என்று சொல்லிக்கொண்டே கம்பியை நகம் பெயர இழுத்தாள். ஆம்புலன்ஸ் வந்து அவள் கையைப் பிரித்தபோது கிளீட் போய் நேரமாகியிருந்தது.

டெல்மர் எங்கேயும் ஓடவில்லை. வண்டியின் படியில் உட்கார்ந்து, உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு, போலீஸ் வரும் வரைக்கும் அந்தக் கிழிந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி நடந்ததுதான் வெர்னாவின் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது. அக்டோபரில் அரசு வக்கீல் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இளவயதுப் பெண், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"கொலைன்னு நிக்காது. முதல்ல அடிச்சது உங்க தம்பி, அதுவும் பின்னாலேர்ந்து. உயிருக்குப் பயந்து சுட்டேம்பான். ரெண்டு வருஷம், மிஞ்சினா மூணு. ஆனா பள்ளிக்கூடத்துக்கு ஆயிரம் அடிக்குள்ள துப்பாக்கியால சுட்டா அது தனி கேஸ். அதுக்கு மட்டும் ஏழு வருஷம்."

"அப்ப அதைப் போடுங்க!" வெர்னா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஆயிரத்துக்குள்ளதான். என் அறிக்கை தப்பு. தெரிஞ்சேதான் எழுதினேன். கோர்ட்டுல வந்து சொல்றேன், என்னை என்ன வேணா பண்ணிக்கட்டும்."

"அடிக்கணக்குல பிரச்சினை இல்லம்மா. சர்வேயரை வெச்சு அளந்துட்டோம். தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. பள்ளிக்கூட எல்லைன்னு *தெரிஞ்சே* சுட்டிருக்கணும், அப்பதான் இந்தக் கேஸ் நிக்கும். சட்டத்துல அந்த வார்த்தை இருக்கு. ஊரே ஆயிரத்து நாலுன்னு முத்திரை குத்திக் கொடுத்திருக்கு. கடை வாசல்ல ஆளுயரத்துக்கு எழுதி வேற வெச்சிருக்கு. 'ஊர் சொன்னதை நம்பினேன், எல்லைக்கு வெளியதான் நிக்கறேன்னு நெனச்சேன்'னு அவன் வக்கீல் சொல்வாரு."

"அவனா நம்பினான்? ஆயிரத்து நாலுன்னு எழுதினதுக்குத்தானே என் மண்டையை உடைக்க வந்தான்!"

"அது மன்றம் முடிவெடுக்கறதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் அவன் அந்த எண்ணைச் சொல்லி யாராவது கேட்டிருக்காங்களா? ரெண்டு மாசமா வாயே திறக்கலையே. நீங்க பொய் எழுதினேன்னு சொன்னீங்கன்னா இன்னும் மோசம். ஐயோ பாவம், ஊரே சேர்ந்து ஏமாத்திடுச்சேன்னு ஜூரி அவனுக்காக உருகிடும்."

வெர்னா வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பாமலேயே அரை மணி நேரம் கிடந்தாள். தம்பி பிழைக்கட்டும் என்று அவள் எழுதிய எண், தம்பியைக் கொன்றவனுக்குக் குடை பிடிக்கிறது. உண்மையைச் சொன்னாலும் அவனுக்குத்தான் லாபம், பொய்யையே சொன்னாலும் அவனுக்குத்தான் லாபம். இப்படியும் ஒரு பாவம் உண்டா? வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து தன் கன்னத்தில் தானே பளார் பளாரென்று அறைந்துகொண்டாள்.

ஜனவரியில் வழக்கு வந்தது, அந்த ஏழு வருஷக் குற்றத்தையும் சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள். அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது அரசு வக்கீல்கூட இல்லை, டெல்மரின் வக்கீல் பெல்லாமி. அவருக்கு வேண்டியது அந்த முத்திரை குத்திய காகிதம்தான். டெல்மர் சர்ச்சுக்குப் போகிற கோட்டு போட்டு, தலையை வழித்து வாரி, ஆட்டுக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கவே கூடாது என்று பெல்லாமி சொல்லி வைத்திருப்பார் போலிருக்கிறது.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்று கேட்டார் பெல்லாமி.

"ஆமா."

"எத்தனை அடின்னு எழுதியிருக்கீங்க? ஜூரிக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"ஆயிரத்து நாலு."

சொல்லும்போது அவள் பார்வை தற்செயலாக டெல்மர் பக்கம் போயிற்று. அவன் இடது தாடை அசைந்தது. மாடு அசைபோடுகிற மாதிரி. ஒரே ஒரு தடவைதான்.

சாப்பாட்டு மேசையில் கிளீட் அதே தாடையை அசைத்துக் காட்டுவது அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

"மன்றமும் அதை ஏத்துக்கிச்சு. ஒரு சாதாரண குடிமகன் அந்த அளவை நம்பினதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"தப்பே இல்லீங்க" என்றாள் வெர்னா. குரலை இழைத்தாள், பாவம் பார்க்கிற மாதிரி. "நம்பாம என்ன செய்வாரு? அவருக்குத்தான் அளக்கத் தெரியாதே."

பெல்லாமிக்கு இந்தப் பதிலில் பாதிதான் பிடித்தது. "நன்றிம்மா, போதும்."

"இல்லீங்க, அவருக்கு நல்லதாத்தானே சொல்றேன். மில்லுல முப்பது வருஷம் கட்டை அளந்தாருன்னு பேரு. பாதிக்குப் பாதி தப்புன்னு என் தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஆயிரத்து நாலு அடியைப் போய் தொள்ளாயிரத்துச் சொச்சம்னு ஒரு நாள் உளறினாரு. கண்ணு மங்கிப்போச்சு, வயசாயிடுச்சு."

நீதிபதி மேசையைத் தட்டினார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"மன்னிச்சுக்கங்க ஐயா. அவரு என் எண்ணை நம்பிட்டாருன்னுதான் சொல்ல வந்தேன். தன் அளவு தப்புன்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு. அந்த வெக்கத்துலதான் அப்புறம் வாயே திறக்கல."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. டெல்மர் எழுந்தபோது முன்னாலிருந்த மேசையும் சேர்ந்து எழுந்தது. தண்ணீர் ஜாடியும் காகிதக் கட்டுகளும் பறந்தன. பிடிக்க வந்த பெல்லாமியின் மூக்கில் அவன் முழங்கை போய் இடித்தது. "யாருக்குடி அளக்கத் தெரியாது? யாருக்குடி?" என்று கத்திக்கொண்டு கூண்டைப் பார்த்துப் பாய்ந்தான். இரண்டு காவலர்கள் குறுக்கே விழுந்தார்கள். ஒருவனைத் தலையால் முட்டித் தள்ளினான். முட்டிய வேகத்தில் டெல்மரின் வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. இன்னும் இரண்டு பேர் வந்து நாலு பேராகச் சேர்ந்து அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார்கள். கன்னம் தரையில் தேய்ந்து நசுங்கியது. அந்த நிலையிலும் அவன் நிறுத்தவில்லை.

"உன் காகிதத்தை நான் நம்பினேனா? ஒரு நாள், ஒரு நிமிஷம் நம்பினதில்லடி! தினம் அந்தப் பலகையைத் தாண்டும்போது பொய்யி பொய்யின்னு சொல்லிக்கிட்டேதான் போவேன்! உன் தம்பி மேல துப்பாக்கியை நீட்டினேன் பாரு, அப்பவும் தெரியும், எத்தனை அடியில நிக்கறேன்னு எனக்குத் தெரியும்! தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு! அடி பிசகாது!"

"டெல்மர், வாயை மூடு!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பெல்லாமி அலறினார். நுணலும் தன் வாயால் கெடும் என்றால் அது கெட்டது அன்றைக்குத்தான்.

கோர்ட்டில் நடப்பதைத் தட்டச்சு செய்கிற அம்மாள், நரைத்த தலை, சாந்தமான முகம், கையைத் தூக்கினார். "மன்னிக்கணும். சத்தத்துல அந்த எண் எனக்குச் சரியா விழல."

"சொல்லாத! சொல்லாத!" என்றார் பெல்லாமி.

டெல்மர் தரையிலிருந்து தலையை முடிந்த மட்டும் தூக்கினான். மில்லில் கட்டை அளந்து கணக்குப்பிள்ளைக்குச் சொல்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்தி, அழுத்தந்திருத்தமாகச் சொன்னான்.

"ஒம்பது. எட்டு. எட்டு."

தட்டச்சு அம்மாள் மூன்று முறை விரலை அழுத்தினார்.

வெர்னா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இதற்கு அடுத்து அவள் சொன்ன வார்த்தையில் அவளுடைய இருபத்திரண்டு வருஷ வேலை போயிற்று, பொய் அறிக்கை எழுதியதற்கு அவள் மேலும் ஒரு வழக்கு வந்தது, வாரக் கடைசிக்குள் ரமோனாவின் கதவில் பூட்டும் தொங்கியது. எல்லாம் தெரிந்துதான் சொன்னாள்.

"சரிதான் டெல்மர். நீ அளந்ததுதான் சரி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

டெல்மர் சிரித்தான். ரத்தம் படிந்த பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே மனுஷன் ஏழு மாதமாகக் காத்திருந்தான்! ஜூரியைப் பார்த்தான், நீதிபதியைப் பார்த்தான், "கேட்டீங்கல்ல?" என்கிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் பெல்லாமியைப் பார்த்தான். பெல்லாமி நாற்காலியில் சாய்ந்து கைக்குட்டையால் மூக்கை அழுத்தியபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டெல்மரின் சிரிப்பு மெதுவாக நின்றது. இடது தாடை ஒரு தடவை அசைந்தது.

கிளீட் இருந்திருந்தால் இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அதை அப்படியே செய்து காட்டியிருப்பான். வெர்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கூண்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.